குரல் நின்ற பிறகு: மனச்சிதைவில் அறிதிறன் மீட்பும் ஜெஞ்சாரோம் தமிழர்களும்

சோதனை நடத்துபவர் பதினைந்து சொற்களை நிதானமாக வாசிப்பார். எதிரில் இருப்பவர் நினைவில் நின்றதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதே பட்டியல் மீண்டும் வாசிக்கப்படும்; மொத்தம் ஐந்து முறை. பிறகு ஒரு தாள் வரும். அதன் தலையில் சில குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கீழே வரிசை வரிசையாகக் குறிகள் மட்டும் இருக்கும். 90 விநாடிக்குள் எத்தனை குறிகளுக்குச் சரியான எண்ணை எழுதுகிறார் என்பதே கணக்கு. காதில் குரல் கேட்பது நின்று, சந்தேகம் தணிந்து, ‘தேறிட்டாரு’ என்று வீட்டார் நிம்மதி அடைந்த ஒருவர்கூட இந்தத் தாளின் முன் திணறுவதுண்டு. ஐந்தாவது வாசிப்பிலும் அவரிடம் பாதிப் பட்டியல்தான் தங்கியிருக்கும்.

மனச்சிதைவில் அறிதிறன் குறைவது பக்கவிளைவோ சோம்பலோ அல்ல. நோயின் உடலிலேயே அது இருக்கிறது. ஹைன்ரிக்ஸும் ஸக்ஸானிஸும் 1998இல் 204 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சொல்வழி நினைவாற்றலில்தான் மிகப் பெரிய இடைவெளி தெரிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மைக்கேல் கிரீன் ஒரு கேள்வி கேட்டிருந்தார். நோயாளர் வேலைக்குப் போவதையும் நட்பு பேணுவதையும் தீர்மானிப்பது எது? குரல்களையும் பிரமைகளையும் விட நினைவும் கவனமுமே முன்னால் நின்றன. ஆனால் மருத்துவரின் அறையில் கேட்கப்படுபவை வேறு கேள்விகள்: தூக்கம் வருகிறதா, மருந்து ஒழுங்காக எடுக்கிறீர்களா, சத்தம் கேட்கிறதா. மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் அடுத்த தேதி எழுதித் தருவார்கள். பஸ் மாறி ஏறத் தெரிகிறதா, மேற்பார்வையாளர் சொன்ன மூன்று வேலைகளில் இரண்டாவது மறந்துபோகிறதா என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரையின் வாதம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இழந்த அறிதிறனில் ஒரு பங்கைத் திரும்பப் பெற முடியும். ஆனால் அது மருந்துச் சீட்டாலோ கணினி விளையாட்டாலோ மட்டும் வருவதில்லை. உண்மையான ஒரு வேலையோடு, பேசும் மொழியோடு சேர்த்துக் கட்டும்போதுதான் வருகிறது.

மீட்பு என்ற பேச்சுக்கே நெடுநாள் இடம் இருக்கவில்லை. இந்நோயை ‘இளமையிலேயே வரும் மூளைத்தேய்வு’ என்று வகுத்த ஜெர்மானிய மருத்துவர் எமில் க்ரேப்லின், 1904இல் ஜாவாவுக்கு வந்து, இன்று போகோர் எனப்படும் ஊரின் மனநல விடுதியில் நோயாளரைப் பரிசோதித்தவர். அங்கே வந்தும் தன் முடிவை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. மூளை தேய்ந்துகொண்டே போகும் என்ற அந்தக் கருத்தைப் பிற்கால ஆய்வுகள் பெருமளவு தளர்த்திவிட்டன. குறைவின் ஒரு பகுதி நோய் வெளிப்படும் முன்பே இருக்கிறது. முதல் தாக்குதலையொட்டி அது கூடுகிறது. அதன்பின் பெரும்பாலோரிடம் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கிறது. ஒரே நிலையில் நிற்பதை உயர்த்த இடமுண்டு.

நோயோடும் வேலையில் நிலைக்க முடியும் என்பதற்குத் தமிழ் மண்ணில் பெரிய சான்று, சென்னை நீள்கால ஆய்வு. முதல் தாக்குதல் கண்ட 90 பேரை 1981–82இல் சேர்த்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தார்கள். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபின் ஆர். தாராவின் பெயர் இந்த ஆய்வோடு ஒட்டிக்கொண்டது. முதல் பத்து ஆண்டுகளில் ஆண் நோயாளரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் வேலையில் இருந்தார்கள். மேலை நாட்டு ஆய்வாளர்கள் புருவம் உயர்த்திய எண் இது. அந்த நோயாளருக்கு அறிதிறன் பயிற்சி எதுவும் தரப்படவில்லை. குடும்பம் கைவிடவில்லை, வேலை காத்திருந்தது, உதவித்தொகை என்று சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை. வளரும் நாடுகளில் இந்நோய் தானாகவே நன்றாக ஆறும் என்று இதை வைத்துக் கொண்டாடக் கூடாது என 2008இல் கோஹன், படேல், தாரா, குரேஜே ஆகியோர் சேர்ந்து எச்சரித்தார்கள். தாராவும் அதில் ஒருவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சென்னையில் வேலை காத்திருந்தது. ஜெஞ்சாரோமில் அது காத்திருக்கிறதா?

மலேசியாவின் கோல லங்காட் மாவட்டத்தில், கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடைப்பட்ட ஊர் அது. மலாயா அவசரகாலத்தில் எழுந்த சீனப் புதுக்கிராமம். டொங் ஸென் விகாரத்தின் புத்தாண்டு விளக்குகளைப் பார்க்க நாடே வரும். 2018இல் சட்டவிரோத பிளாஸ்டிக் எரிப்பால் உலகச் செய்தியிலும் அடிபட்டது. சுற்றிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. தோட்டத்துத் தமிழர்கள் தாமான் வீடுகளுக்கும் மலிவுவிலை அடுக்ககங்களுக்கும் பெயர்ந்தார்கள். வேலை இப்போது தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையில், கிடங்குகளில், கிள்ளான் துறைமுகச் சாலையில்.

பழைய பால்மரக்காட்டு வேலையை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிடுவார்கள். பிறகு தனக்குரிய நிரை, அதே மரங்கள். முந்தைய வெட்டுக்குக் கீழே மெல்லிய சீவல், பால் வடியும் மங்கின் சரிபார்ப்பு, அடுத்த மரம். பால் எடுக்கும் நேரமும் நிறுக்கும் இடமும் மாறுவதில்லை. கணவன் தடுமாறினால் அடுத்த நிரையில் மனைவி இருப்பாள். கை பழகிச் செய்யும் தொழில்நினைவு, சொல்நினைவோடு ஒப்பிட்டால், இந்நோயில் அதிகம் தப்பிக்கிறது. ஆகவே கவனமும் வேகமும் குறைந்த ஒருவர் அந்த ஒழுங்குக்குள் தாக்குப்பிடித்திருக்கக்கூடும் என்று கருத இடமிருக்கிறது. தோட்ட வாழ்வைச் சொர்க்கமாக்க இது சொல்லப்படவில்லை. 1911இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயர் இன்றும் மலேசியர்களின் வாயில் கிண்டலாக உலவுவதற்கு, அங்கே போய் ஆண்டுக்கணக்கில் தங்கிப்போனவர்களின் வரலாறும் காரணம். ஆனால் இன்றைய பொட்டல வரிசையின் வேலை வேறு வகை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும், திரையில் குறியீடு மாறும், மேற்பார்வையாளர் மலாயில் ஒன்று சொல்லி, இடையில் இன்னொன்றைத் திருத்துவார். 90 விநாடிக் குறிச்சோதனை எதை அளக்கிறதோ அதையே இந்த வேலை நாள் முழுதும் கேட்கிறது.

மீட்பின் முதல் படி, புதிதாக எதையும் சேர்க்காமல், மழுங்கடிப்பதை விலக்குவது. முதல் தடை தாமதம்: மலேசிய மனநலப் பதிவேட்டின் தொடக்க அறிக்கைகளில், சிகிச்சை தொடங்கும் முன் கழிந்த சராசரிக் காலம் இரண்டு ஆண்டுகளைத் தாண்டியிருந்தது. பூசாரி, பொமோ எனும் மலாய் மந்திரவாதி, பிறகுதான் டாக்டர் என்ற வரிசை எல்லா இனத்தாரிடமும் உண்டு. இரண்டாவது தடை பெரும்பாலும் பேசப்படாமல் போகிறது. மாதாந்திர ஊசிகளும் ஹாலோபெரிடோல் போன்ற பழைய மருந்துகளும் கைநடுக்கம், தசை இறுக்கம் தரும். அதற்கு மாற்றாகப் பென்ஸ்ஹெக்சால் மாத்திரை எழுதுவார்கள். அது தடுக்கும் அசிட்டைல்கோலின்தான் நினைவுக்கும் வேண்டிய வேதிப்பொருள். 2021இல் ஜோஷியும் கூட்டாளிகளும் 1,120 நோயாளரிடம் பார்த்தபோது, இத்தகைய மருந்துகளின் மொத்தச் சுமை கூடக்கூட அறிதிறன் மதிப்பெண் குறைந்தது. நோய் தின்றதாக எண்ணும் நினைவில் ஒரு பங்கை மாத்திரை தின்றிருக்கலாம். திடீரென நிறுத்தினால் உடல் படுத்தும் என்பதால் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சிலருக்குக் குறைக்கவே முடியாது. ஆயினும் ‘இது இன்னும் வேணுமா, டாக்டர்?’ என்று குடும்பம் ஆண்டுக்கு ஒரு முறையாவது கேட்பது நியாயமான கேள்வி.

விலை உயர்ந்த புது மருந்து மூளையைத் துலக்கும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. அமெரிக்காவின் கேட்டி ஆய்வில் பழைய பெர்பெனசினும் புதியவற்றுக்குச் சளைக்கவில்லை. எல்லாப் பிரிவிலும் சிறு முன்னேற்றம்தான். அதே சோதனையை இரண்டாம் முறை எழுதும் எவருக்கும் வரும் பழக்கப்பலனைக் கழித்தால் மிஞ்சுவது இன்னும் சொற்பம். அறிதிறனுக்கென்றே உருவான இக்லெபெர்டின் 2025 தொடக்கத்தில் இறுதிக்கட்டச் சோதனைகளில் தோற்றது.

பயிற்சியின் கதை இதைவிடத் தெம்பானது. 2021இல் வீட்டாவும் குழுவும் 130 ஆய்வுகளில் 8,851 பேரின் தரவைத் தொகுத்தார்கள். அறிதிறனில் கிடைத்த பலன் அளவு 0.29, அன்றாடச் செயல்பாட்டில் 0.22. பெரிய எண்களல்ல, இதைவிடக் கூடுதலாக யாரேனும் வாக்குறுதி தந்தால் சந்தேகப்படலாம். எந்தச் சூழலில் பலன் கூடியது என்பதே முக்கியம்: பயிற்றுநர் அருகில் இருந்தபோது, திரையில் கற்ற உத்தியை வெளியே எப்படிப் பயன்படுத்துவது என்று பேசியபோது, மறுவாழ்வுப் பணியோடு இணைத்தபோது. மெக்கர்க்கின் 2015 ஆய்வு இன்னும் கூர்மையானது. வேலை ஆதரவுத் திட்டத்தில் ஏற்கெனவே தோற்றவர்களுக்கு அறிதிறன் பயிற்சியையும் சேர்த்தபோது 60 விழுக்காட்டினருக்கு வேலை கிடைத்தது. சேர்க்காத பிரிவில் 36. ஓட்டமும் வேக நடையும்கூட உதவும்: ஃபர்த் குழுவின் 2017 தொகுப்பில் உடற்பயிற்சிக்கு 0.33.

கணினி வசதியில்லாத வீட்டுக்கு என்ன வழி என்பதற்கு, பெங்களூரு நிம்ஹான்ஸில் சாந்தலா ஹெக்டே குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. முதல் தாக்குதல் கண்டவர்களுக்கு இரண்டு மாதம், வீட்டிலேயே, தாளும் பென்சிலும் கொண்டு பயிற்சி, குடும்பத்தார் உடனிருந்தார்கள். ஜெஞ்சாரோமில் இதற்குத் தடையாகப் பணம் இருக்காது. அரசுக் கிளினிக்கில் குடிமகனுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். அடையாள அட்டையே இல்லாதவருக்கு அந்தக் கதை வேறு. தடை மொழிதான். தமிழ்ப்பள்ளியில் படித்து ஆறாம் ஆண்டோடு நின்ற ஒருவருக்கு மலாய்ச் சொற்பட்டியல் வாசித்தால், அளக்கப்படுவது நினைவு மட்டுமல்ல. அவர் பெறும் குறைந்த மதிப்பெண்ணில் நோய் எவ்வளவு, மொழி எவ்வளவு என்று பிரிக்காமல், மூன்று மாதம் கழித்து ‘முன்னேற்றம்’ என்று எதைச் சொல்வது?

மலேசியச் சுகாதார அமைச்சின் மெந்தாரி மனநல மையங்கள் வேலை தேடித் தருவதோடு, வேலையிடத்துக்கும் ஆளனுப்பி ஆதரவு தருகின்றன. இந்தச் சட்டகத்துக்குள் அறிதிறன் பயிற்சியைச் செருகுவதே கிள்ளான் பள்ளத்தாக்கில் நடைமுறைக்கு உகந்த வழி. இத்தகைய ஆதரவைச் சமூகப் பணியாளர் தர முடியும் என்பதற்கும் தமிழ்நாட்டுச் சான்று உண்டு: 2014இல் வெளிவந்த கோப்ஸி சோதனையில் இந்தியாவின் மூன்று இடங்களில் 282 பேர் பங்கேற்றார்கள், உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடிப் போனதால் கிடைத்த பலன், சிகிச்சை வசதி குறைந்த தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது. டெக்சாஸில் டான் வெல்லிகன் செய்தது இன்னும் எளியது. நோயாளரின் மூளையை மாற்ற முயலாமல் அவர் வீட்டை மாற்றினார். கதவில் ஒட்டிய அட்டை, நாளுக்கொரு கூடையில் உடை, மாத்திரைப் பெட்டியோடு அலாரம். தெலுக் பங்லிமா காராங் வரிசையிலும் இதைச் செய்யலாம். குறியீடு மாறும் நாளில் நிறத்தாள் ஒட்டுவது, வேலையை ஒவ்வொன்றாகச் சொல்வது, ஷிப்டை மாதத்துக்கு ஒரு முறை மட்டும் மாற்றுவது: முதலாளிக்கு இதில் செலவு சொற்பம். அட்டையில் எந்த மொழி என்பதை நோயாளரே தேர்ந்தெடுக்கட்டும்.

பெண்களின் கணக்கு தனி. சென்னை ஆய்வில் ஆண்களின் வேலை எண்ணப்பட்டது. ஸ்கார்ஃப் நிறுவனத்தார் 2003இல் பெண்களைப் பற்றி எழுதியபோது பேசுபொருள் முறிந்த மணவாழ்வு. ஜெஞ்சாரோமில் இந்நோயோடு வாழும் ஒரு தாய் காலை ஐந்தரைக்கு எழுந்து, சோறும் குழம்பும் ஒரே நேரத்தில் இறங்கும்படி அடுப்பைப் பார்த்து, நடுவில் பிள்ளையின் காலணியைத் தேடி, வேன் வரும்முன் வாசலுக்கு அனுப்ப வேண்டும். திட்டமிடலும் கவனத்தை மாற்றிமாற்றி வைப்பதும் இதைவிட வேறெங்கே வேண்டும்? உப்பை இருமுறை போட்டால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரும் நினைப்பதில்லை, பொறுப்பில்லை என்கிறார்கள். வேலை ஆதரவுத் திட்டத்தின் கணக்கில் ஊதியமில்லாத இந்தக் காலைப்பொழுது ஏறாது. வெல்லிகனின் வீட்டு அட்டைகள் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் இந்தச் சமையலறை. பயிற்றுநர் பேச வேண்டிய ஆள் முதலாளி அல்ல, பெரும்பாலும் மாமியார்.