அருகமைப் பள்ளி: யாருக்கு அருகில், யாருக்குத் தொலைவில்?

ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்ற கேள்வி, மார்த்தாண்டம் வட்டாரத்தில் ஒவ்வொரு கோடையிலும் வீடுதோறும் எழுகிறது. நடந்து போகும் தூரத்தில் அரசுப் பள்ளி இருந்தும் பிள்ளைகள் வேனில் ஏற்றி அனுப்பப்படுகிறார்கள். காரணம் கேட்டால் ஆங்கில வழி, ஒழுக்கம், ‘நல்ல சேர்க்கை’ என்று மூன்று பதில்கள் வருகின்றன. மூன்றாவது பதிலின் பொருளை யாரும் விரித்துரைப்பதில்லை. அதை விரித்துரைப்பதும், சட்டம் தந்துள்ள கருவிகளைத் தொகுத்துத் தருவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வாதம்

இம்மண் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதி. 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளியின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று பள்ளி நுழைவு. அரசு ஆணை பிறப்பித்த பின்னும் பள்ளிகளின் கதவு திறக்கவில்லை. நெய்யாற்றின்கரையை அடுத்த ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற புலையர் சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது ஆதிக்கச் சாதியினர் அந்தப் பள்ளிக்கே தீ வைத்தனர். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையெனில் உங்கள் வயல்களுக்கு எங்கள் உழைப்பும் இல்லை என்று உழவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர்.

அக்காலத்தில் இந்த நுழைவை எதிர்த்தவர்களுள் படித்தவர்களும் இருந்தனர். மன்னராட்சியின் ஊழலை அஞ்சாமல் எழுதியதற்காக 1910-இல் நாடு கடத்தப்பட்ட ‘சுவதேசாபிமானி’ ராமகிருஷ்ண பிள்ளையே, இரு தரப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக அமர்த்துவதைக் குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு ஒப்பிட்டார். இன்றைய ‘நல்ல சேர்க்கை’ என்ற சொல் அந்த ஒப்புமையின் பேரப்பிள்ளை. மொழி நாகரிகமடைந்துள்ளது, பொருள் மாறவில்லை.

சட்டம் சொல்லும் அருகமை

எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் படிக்கும் பொதுப்பள்ளி முறையை, அருகமைப் பள்ளி வழியாகக் கட்டியெழுப்ப வேண்டும் என்று கோத்தாரி ஆணையம் (1964–66) பரிந்துரைத்தது. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ‘அருகமை’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டு விதிகளின்படி தொடக்கப் பள்ளிக்கு 1 கிலோமீட்டர், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 3 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் பள்ளி அமைக்கும் கடமை அரசுக்கு உண்டு. அங்கே பிள்ளையைச் சேர்க்கும் கடமை பெற்றோருக்கு இல்லை. எனவே கட்டணம் செலுத்த இயன்றோர் வெளியேறுகின்றனர்; இயலாதோர் எஞ்சுகின்றனர்.

இந்த இடைவெளியைக் குறைக்க வந்தது 12(1)(சி) பிரிவு. தனியார் பள்ளிகள் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. ஆயினும் இரண்டு வரம்புகளை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, இவ்வொதுக்கீடு முதல் வகுப்பிலோ அதற்கு முந்தைய நுழைவு நிலையிலோதான் பொருந்தும். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர விரும்பும் பிள்ளைக்கு அது உதவாது.

இரண்டாவது, 2014-இல் பிரமதி வழக்கின் தீர்ப்பு சிறுபான்மைப் பள்ளிகளை இச்சட்டத்திலிருந்து முற்றாக விலக்கியது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறித்தவராக உள்ள, திருச்சபைப் பள்ளிகள் மலிந்த குமரி மாவட்டத்தில் இதன் விளைவு பெரிது. அத்தீர்ப்பின் சரித்தன்மையை ஐயுற்ற இரு நீதிபதிகள் அமர்வு, 2025 செப்டம்பர் 1 அன்று அவ்வினாவை மறு ஆய்வுக்காகத் தலைமை நீதிபதியின் முன் வைத்தது.

இங்கே இன்னொரு முரணும் உண்டு. இதே மாவட்டத்தின் மயிலாடியில், சாம்பவர் சமூகத்தைச் சேர்ந்த வேதமாணிக்கத்தின் அழைப்பால் வந்த ரிங்கல்தௌபேயின் பணியே தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தத் திருச்சபைக் கல்விக்கு வித்திட்டது. தலித் ஒருவர் திறந்த வாசல் அது. ஆனால் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. குமரியில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 4 விழுக்காடு என்ற கணக்கில் அவர்கள் சேரவில்லை. எண்ணப்படாதோர் வகுப்பறையில் எத்தனை பேர் என்ற கேள்வியை எவரும் கேட்பதில்லை.

அருகமை மட்டும் போதுமா?

போதாது. குடியிருப்பே சாதிவாரியாகப் பிரிந்திருக்கும்போது, காலனிக்கு அருகிலுள்ள பள்ளி ‘காலனிப் பள்ளி’ ஆகிவிடும். நியூயார்க் நகரின் புரூக்ளின் பெற்றோரும் இச்சிக்கலை எதிர்கொண்டனர். அங்கே 15-ஆம் கல்வி மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகளில் மதிப்பெண் முதலிய வடிகட்டல்களை நீக்கி, 52 விழுக்காட்டு இடங்களில் வறிய, வீடற்ற, ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரும் திட்டம் 2018-இல் ஏற்கப்பட்டது. தொலைவை அளப்பதோடு நில்லாமல், யார் உள்ளே அமர்கிறார்கள் என்பதையும் அது அளந்தது.

நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கவும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உள்ளிட்ட எல்லாப் பள்ளிகளையும் ஒரே கல்வித் துறையின் கீழ்க் கொணரவும் பரிந்துரைத்தது. இணைப்பால் தலித் பிள்ளைகளுக்கான நிதியும் நிலமும் கரைந்துவிடும் என்ற அச்சம் நம் தோழர்களிடையே உண்டு. அது நியாயமான அச்சம். நிதிக்குத் தனிக் கணக்கும், வகுப்பறைக்குப் பொதுக் கதவும் ஒருசேரக் கேட்பதே நம் நிலைப்பாடு.

கையிலுள்ள கருவிகள்

சேர்க்கைக்குத் தேர்வோ பெற்றோர் நேர்காணலோ நடத்துவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் முதன்முறை 25,000 ரூபாய் வரையிலும் பின்னர் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். கல்வியாண்டு தொடங்கிவிட்டது என்று சொல்லியும் சேர்க்கையை மறுக்க 15-ஆம் பிரிவு இடந்தராது. புகாரை எழுத்து வடிவில் உள்ளாட்சி அமைப்பிடம் தந்தால் 3 மாதங்களுக்குள் முடிவு காண வேண்டும்.

அரசு உதவி பெறும் பள்ளி, சிறுபான்மைப் பள்ளியே ஆயினும், சாதியை மட்டும் காரணமாக்கிச் சேர்க்கையை மறுப்பது அரசியலமைப்பின் 29(2) உறுப்புக்கு எதிரானது. பட்டியல் சாதியினரைக் கல்வி நிலையத்துள் நுழையவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவின்படி குற்றம்.

அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் பெற்றோருக்கு விகிதாச்சாரப் பங்கும் உண்டு என்கிறது 21-ஆம் பிரிவு. இக்குழுவின் தேர்தல் நாளில் நம் தாய்மார்கள் பலர் கூலி வேலைக்குப் போயிருக்கிறார்கள். அன்றைய கூலியை ஈடுசெய்து அவர்களை அக்கூட்டத்தில் அமரவைப்பது கல்லூரி மாணவர்களும் அமைப்புகளும் இவ்வாண்டே செய்யக்கூடிய பணி. பள்ளிக்கு எது தேவை, யார் வர வேண்டும் என்ற பேச்சு அந்த அறையில்தான் நடக்கிறது.