வேலூர்த் தொகுதியின் எல்லையும் மக்களும்

ஓர் ஊருக்கு எல்லை ஒன்றுதான் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். சற்றே ஆராய்ந்து பார்த்தால், ஒவ்வோர் ஊரும் பல எல்லைகளுக்குள் அடங்கிக் கிடப்பது புலப்படும். வேலூர் லாங் பஜாரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் ஒரு வணிகரை எடுத்துக்கொள்வோம். அவர் சொத்து வரி செலுத்துவது மாநகராட்சிக்கு. பத்திரம் பதிவது சார்பதிவாளர் அலுவலகத்தில். வழக்கு என்று வந்துவிட்டால் படியேறுவது நீதிமன்றத்தில். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு. அவற்றை அவர் நன்கு அறிவார். ஆனால், தேர்தல் வரும்போது மட்டும் நினைவுக்கு வந்து, முடிந்ததும் மறந்துபோகும் எல்லை ஒன்று உண்டு. அதுதான் தொகுதி எல்லை. நம்மை ஆளுவோர் யார் யாரிடம் சென்று கைகூப்பி வாக்குக் கேட்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தக் கோடே. அதன் வரலாற்றை வேலூரை முன்வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

வேலூர் மக்களவைத் தொகுதியில் இன்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. அவை வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்பன. இவற்றுள் கீழ்வைத்தினான்குப்பமும் குடியாத்தமும் பட்டியல் வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதிகள். வரைபடத்தில் இந்த ஆறையும் வண்ணமிட்டுப் பார்த்தால், பாலாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிக் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஒரு நிலப்பரப்பு தெரியும்.

இந்த எல்லை மற்ற எல்லைகளோடு ஒத்துப்போகிறதா என்றால், இல்லை. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. ஆகவே வாணியம்பாடிக்காரர் மாவட்ட ஆட்சியரைக் காணத் திருப்பத்தூர் செல்கிறார். மக்களவைக்கு வாக்களிக்கும்போது வேலூர்த் தொகுதியினராகிறார். திருப்பத்தூர் நகரத்தாரோ திருவண்ணாமலை மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தவர்கள். காட்பாடியின் நிலை இதனினும் விந்தையானது. அது வேலூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. வேலூர்க்காரர் பெரும்பாலும் ரயிலேறுவது அங்கேதான். இடையில் இருப்பது ஒரு பாலமும் மணல் மேடிட்ட ஆறும் மட்டுமே. ஆயினும் காட்பாடி மக்கள் அரக்கோணம் தொகுதியில் வாக்களிக்கிறார்கள்.

இனி, இந்த எல்லைக்குள் வாழும் மக்களைப் பார்ப்போம். மேற்கே வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஆம்பூரில் ஏறத்தாழ 1 லட்சத்து 15 ஆயிரம் பேரும், வாணியம்பாடியில் ஏறத்தாழ 95 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். இவ்விரு நகரங்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் முஸ்லிம்கள். அவர்களுள் வீட்டில் உருது பேசுவோர் பலர். தமிழ் பேசுவோரும் உண்டு. தோல் வாணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்குத் தந்த மரபும் அவர்களுடையது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ஆம் ஆண்டிலேயே தோன்றியது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

தோலை வாங்கி விற்றவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள் என்றால், சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் இறங்கி நின்று அதைப் பதனிட்டவர்கள் பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை என்ற உறவு அது. கூலி, குடியிருப்பு, உடல்நலம் ஆகியவற்றைப் பற்றிய பிணக்குகளும் அதே உறவிலிருந்து பிறந்தவையே. பச்சைத் தோலாகவும் பாதி பதனிட்ட தோலாகவும் ஏற்றுமதி செய்வதற்கு 1970-களில் கட்டுப்பாடுகள் வந்தன. அதன் பின்னர் முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் செய்யும் ஆலைகள் பெருகின. சுற்றுக் கிராமங்களின் பெண்கள் விடியற்காலையில் ஆலை வண்டியேறி ஆம்பூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினர். ஒரு தொழில் மாறும்போது ஒரு தொகுதியின் மக்களும் மாறுகிறார்கள்.

குடியாத்தம் நெசவுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் போனது. கைலி நெய்யும் தறியொலி கேட்கும் தெருக்கள் அங்கே பல. அத்தொகுதியிலுள்ள பேரணாம்பட்டில் மீண்டும் தோல். பீடி சுற்றுவோரும் உண்டு. கீழ்வைத்தினான்குப்பம் பெரும்பாலும் உழவர் நாடு. அணைக்கட்டுத் தொகுதியில் உழவர் ஊர்களுக்கு மேலே ஜவ்வாது மலையின் பகுதியும் அடங்கும். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஆகிய மலையூர்களில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுக்கும் கேரள நாட்டு மலையாளிகளுக்கும் தொடர்பில்லை. மலையை ஆளுவோர் என்பதால் வந்த பெயர் என்பர்.

கிழக்கே வேலூர் நகரம். பழைய நகர எல்லைக்குள் மட்டும் 2011-ல் ஏறத்தாழ 1 லட்சத்து 86 ஆயிரம் பேர் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ நாலில் ஒருவர் முஸ்லிம். கிறித்தவர்களும் கணிசமாக உண்டு. 1900-ஆம் ஆண்டில் டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருத்துவப் பணி இன்று பெரிய மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, நாட்டின் பல பகுதி மக்களையும் இங்கே கொணர்கிறது. இத்தனை பேரையும் ஒருசேரக் காண வேண்டுமானால் லாங் பஜாரில் ஒரு காலை வேளை நின்றால் போதும். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடியிலிருந்து முள்ளுக் கத்தரிக்காய் மூட்டை வந்திறங்கும். தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே தராசின் முன் விலை பேசும். நான் அந்தத் தெருவைப் பார்க்கும்போதெல்லாம், தொகுதி என்னும் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஒரே தராசின் முன் நின்றவர்கள், ஒரு காலத்தில் ஒரே வாக்குப்பெட்டியின் முன் நிற்க முடியவில்லை. இன்றைய மாணவர்கள் இதனை அறிதல் வேண்டும். 1909-ஆம் ஆண்டின் மின்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி அளித்தது. 1919, 1935 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அம்முறையை விரிவாக்கின. 1937-ல் தேர்தல் நடந்த சென்னை மாகாணச் சட்டசபையில் 215 இடங்கள். அவற்றுள் 28 முஸ்லிம்களுக்குரியவை. அந்த இடங்களுக்கு முஸ்லிம்கள் மட்டுமே வாக்களித்தனர். அதாவது, அக்காலத்தில் தொகுதியின் கோடு நிலத்தின்மேல் மட்டும் வரையப்படவில்லை. அண்டை வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் நடுவிலும் வரையப்பட்டது. அடுத்தடுத்த இரு கடைக்காரர்கள் இரு வேறு வாக்காளர் பட்டியலில் இருந்தனர். ஒருவரிடம் வாக்குக் கேட்டவர் மற்றவரிடம் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. சொத்தும் படிப்பும் இல்லாத பெரும்பாலோருக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை என்பது வேறு கதை.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு இந்த ஏற்பாட்டை அடியோடு மாற்றியது. அதன் 325-ஆம் பிரிவு, ஒரு தொகுதிக்கு ஒரே பொது வாக்காளர் பட்டியல்தான் இருக்க வேண்டும் என்றும், மதம், இனம், சாதி, பால் காரணமாக யாரும் அதிலிருந்து நீக்கப்படக்கூடாது என்றும் விதித்தது. பட்டியல் வகுப்பினருக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் அந்த இடங்களுக்கும் எல்லாரும் சேர்ந்தே வாக்களிப்பர். முதல் இரு பொதுத் தேர்தல்களில், அதாவது 1952-லும் 1957-லும், வேலூர் இரு உறுப்பினர் தொகுதியாக இருந்தது. ஒரு பொது இடம், ஒரு தனி இடம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். அந்த முறை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கி, 1962 முதல் வேலூர் ஒருவரை மட்டும் அனுப்புகிறது.

இந்த வட்டாரத்தின் தேர்தல் வரலாற்றில் குடியாத்தத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1954-ல் முதலமைச்சரான காமராசர், சட்டசபை உறுப்பினராவதற்குப் போட்டியிட்டு வென்றது குடியாத்தம் இடைத்தேர்தலில்தான். விருதுநகரில் பிறந்தவரைப் பாலாற்றுப் பகுதி மக்கள் தேர்ந்தனர். தொகுதி என்பது பிறந்த மண்ணின் உரிமை என்று அவர்கள் எண்ணவில்லை.

இன்றைய எல்லை எப்போது வந்தது? 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தொகுதி வரையறை ஆணையம் ஒன்று அமைந்தது. 2001 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மக்கள்தொகை 6 கோடியே 24 லட்சம். அதனை 39 மக்களவைத் தொகுதிகளுக்குப் பங்கிட்டால் தொகுதிக்கு ஏறத்தாழ 16 லட்சம் பேர். 234 சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பங்கிட்டால் ஏறத்தாழ 2 லட்சத்து 67 ஆயிரம் பேர். இந்தச் சராசரியை ஒட்டி எல்லை அமைய வேண்டும். அதோடு, நிலம் இயன்றவரை ஒருசேர இருக்க வேண்டும். ஆறு, மலை போன்ற இயற்கை அமைப்பு, நிருவாக எல்லை, போக்குவரத்து, மக்களின் வசதி ஆகியவற்றையும் கருத வேண்டும். பட்டியல் வகுப்பினர் ஒப்பளவில் மிகுதியாக வாழும் பகுதிகளில் தனித்தொகுதிகள் அமைய வேண்டும். இவை சட்டம் கூறும் நெறிகள்.

2008-ல் புதிய எல்லை நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் வேலூர் மக்களவைத் தொகுதியில் இருந்தவை காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, வேலூர், ஆரணி ஆகியவை. புதிய வரையறையில் ஆரணி தனி மக்களவைத் தொகுதியாயிற்று. காட்பாடி அரக்கோணத்துக்குச் சென்றது. பேரணாம்பட்டுத் தொகுதியின் பெயரே மறைந்தது. பல ஆண்டுகளாகத் தொகுதிப் பெயராக இல்லாதிருந்த ஆம்பூர் மீண்டும் தொகுதியாயிற்று. கலைக்கப்பட்ட திருப்பத்தூர் மக்களவைத் தொகுதியிலிருந்து வாணியம்பாடி வேலூரோடு வந்து சேர்ந்தது. தோல் தொழிலின் பெரிய ஊர்களான வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே மக்களவை உறுப்பினரின் கீழ் வந்தன.

இதனால் விளைந்த பயன் என்ன? பாலாற்றைக் கொண்டே விளக்குகிறேன். தோல் ஆலைக் கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் கலந்து, குடிநீரும் விளைநிலமும் கெட்ட செய்தி நாடறிந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. ஆலையில் பிழைக்கும் தொழிலாளியும், கிணறு கெட்ட உழவரும், ஆலை நடத்தும் வணிகரும் இன்று பெரும்பாலும் ஒரே தொகுதியின் வாக்காளர்கள். வேலையை மட்டும் பேசி, தண்ணீரை மறந்து ஒருவர் வேலூரில் வாக்குக் கேட்க முடியாது. தண்ணீரை மட்டும் பேசி வேலையை மறக்கவும் முடியாது. ஆனால் ஆறு தொகுதி எல்லையோடு நின்றுவிடுவதில்லை. கீழே இராணிப்பேட்டையும் ஆற்காடும் அரக்கோணம் தொகுதியில் உள்ளன. எல்லை சேர்த்தது பாதி, பிரித்தது பாதி.

இத்தொகுதியின் மொத்த மக்களில் முஸ்லிம்கள் சிறுபான்மையினரே. ஆயினும் 1962-ல் அப்துல் வாஹித், 1980-லும் 1989-லும் அப்துல் சமது, 1991-ல் அக்பர் பாஷா, 2004-ல் காதர் மொகிதீன், 2009-ல் அப்துல் ரகுமான் ஆகியோர் இங்கிருந்து மக்களவைக்குச் சென்றனர். மற்ற தேர்தல்களில் பிற சமூகத்தார் வென்றனர். 2019 ஆகஸ்ட் 5 அன்று நடந்த தேர்தலில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தும், வெற்றி தோல்விக்கு இடையே இருந்த வேறுபாடு 8,141 வாக்குகள்தாம். எந்த ஒரு சமூகமும், எந்த ஒரு நகரமும் தனித்து நின்று இத்தொகுதியை வெல்ல இயலாது. தனி வாக்காளர் பட்டியலை ஒழித்தவர்கள் விரும்பியது இத்தகைய நிலையையே என்று கருதுகிறேன்.

நம்மைப்போல் பல இனத்தார் கலந்து வாழும் கனடா நாட்டையும் சற்றே நோக்குவோம். அங்கே 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும், மாகாணம்தோறும் தன்னுரிமை கொண்ட ஆணையம் எல்லைகளைத் திருத்துகிறது. ஒரு பகுதி மக்களின் பொது நலனையும் அடையாளத்தையும் கருதவேண்டும் என்று அச்சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் ஈழத்தமிழர் மிகுதி. அங்குள்ள ஒரு தொகுதியிலிருந்து 2011-ல் ராதிகா சிற்சபைஈசன் நாடாளுமன்றம் சென்றார். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் முதல் தமிழர் அவரே. அடுத்த திருத்தத்தில் அத்தொகுதியே கலைந்து, 2015 தேர்தல் புதிய எல்லைகளில் நடந்தது. மற்றொரு ஸ்கார்பரோத் தொகுதியில் அவ்வாண்டு ஹரி ஆனந்தசங்கரி என்னும் தமிழர் வென்றார். அங்கும் தமிழர் வாக்கு மட்டும் வெற்றிக்குப் போதாது.

நம் நாட்டிலோ மாநிலங்களின் மக்களவை இடங்களின் எண்ணிக்கை 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நிறுத்தி வைக்கப்பட்டது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்நிலையை 2026-க்குப் பின் நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்காக இடங்களை இழக்கலாகாது என்பதே அதன் நோக்கம். அந்தக் கேள்விக்கு நாடு விடை காணும் நாளில், வேலூரின் எல்லையும் மீண்டும் மேசைமேல் விரிக்கப்படும். காட்பாடி எந்தப் பக்கம், வாணியம்பாடி எந்தப் பக்கம் என்று மறுபடி கேட்கப்படும்.

2002-ஆம் ஆண்டுச் சட்டம், ஆணையம் தன் வரைவை வெளியிட்டு, மறுப்புகளைப் பெற்று, பொதுமக்கள் முன்னிலையில் கூட்டம் நடத்த வேண்டும் என்று பணித்தது. இத்தகைய கூட்டங்களுக்குக் கட்சியினர் வந்துவிடுவர்; பொதுமக்கள் வரத் தவறலாகாது. பதினெட்டு வயது நிரம்பிய மாணவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்ப்பதோடு நின்றுவிடாமல், தம் தொகுதியின் வரைபடத்தையும் ஒருமுறை தம் கையாலேயே வரைந்து பார்க்க வேண்டும். எந்த ஊர் உள்ளே, எந்த ஊர் வெளியே, ஆறு எங்கே வெட்டுப்படுகிறது, மலையூர் மக்கள் வாக்குச்சாவடிக்கு எத்தனை கல் நடக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு குறித்துக்கொண்டவர், எல்லை மாறும் நாளில் அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசும் தகுதி பெற்றவராவார்.