காற்றைக் கணக்கெடுக்கும் குழாய்

பழைய டாட்சன் 240இசட் ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு கார்புரேட்டர்கள், அவற்றை ஒட்டியே ஏர் ஃபில்டர். கார்புரேட்டர் வழியா போகும்போதே காற்று பெட்ரோலை இழுத்துக்கும். ஃபில்டர் பெட்டியில் ஓட்டை விழுந்தாலும் தூசிதான் வரும், கலவை பெரிசா மாறாது.

1975-ல் வந்த 280இசட்-ல் கணக்கே வேற. கார்புரேட்டருக்குப் பதில் பாஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். 'எல்' என்பது லுஃப்ட். ஜெர்மன் மொழியில் காற்று. ஃபில்டரை அடுத்து ஒரு மீட்டர், அதுக்குள்ள ஒரு மடல். காற்று அதை எவ்வளவு தள்ளுதோ, அதை வெச்சுத்தான் பெட்ரோல் அளவு முடிவாகும்.

மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் குழாய். வருஷக்கணக்கான சூட்டிலும் ஓசோனிலும் அந்த மடிப்புகள் வெடிக்கும். வெடிப்பு வழியா நுழையுற காற்று மடலைத் தள்ளாது. அதுக்கு உண்டான பெட்ரோலும் வராது. ஐடிலிங்கில் இன்ஜின் உதறும்.

பலரும் முதலில் இன்ஜெக்டரைத்தான் சந்தேகப்படுவாங்க. மீட்டர் ஸ்பிரிங்கைத் திருகி 'சரி' பண்றவங்களும் உண்டு. பிறகு குழாயை மாத்தினா கலவை மறுபடி தப்பும். தொழிற்சாலை வெச்ச அளவும் போயிருக்கும்.

அதனால மடிப்புகளை விரிச்சுப் பாருங்க, குழாயை முதல்ல மாத்துங்க. 1975-லேயே அது அளவுகோலோட ஒரு பகுதி ஆயிடுச்சு.