திருமுழுக்கும் அதற்கு முந்திய நாற்பது நாட்களும்

நீராடலைப் புனிதமாகக் கருதாத சமயம் அரிது. காசியில் கங்கையிலும், பிரயாகையில் திரிவேணி சங்கமத்திலும் மூழ்கி எழும் மக்களைக் காணும் வாய்ப்பு, வடபுலத்தில் குடியேறி வாழும் நம்மவருள் பலருக்கு உண்டு. நீர் உடலின் அழுக்கை நீக்குவதுபோல் உள்ளத்தின் மாசையும் நீக்கும் என்ற எண்ணம் மனித குலத்துக்கு மிகப் பழையது. எனினும் கிறிஸ்தவர்கள் ஞானஸ்நானம் என்றும் திருமுழுக்கு என்றும் வழங்கும் சடங்கில் ஒரு தனித்தன்மை காணப்படுகிறது. தீர்த்தமாடுதலை ஒருவர் எத்தனை முறை வேண்டுமாயினும் செய்யலாம்; இதுவோ வாழ்நாளில் ஒரே ஒரு முறை நிகழ்வது. தீர்த்தத்தில் தாமே இறங்கி மூழ்கலாம். இதை மற்றொருவர் கையால் பெறவேண்டும். மீண்டும் செய்யக்கூடாத ஒன்று என்பதனாலேயே அதற்கு முன் செய்யவேண்டிய ஆயத்தம் பெரிதாயிற்று. அந்த ஆயத்தத்தின் சரித்திரத்தையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் சொல்லைக் காண்போம். கிரேக்க மொழியில் ‘பாப்டிஸோ’ என்னும் வினைக்கு அமிழ்த்துதல், தோய்த்தல் என்பன பொருள். துணியைச் சாயத்தில் தோய்ப்பதைக் குறிக்கும் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததே. யூதரிடம் சடங்கு முறையான நீராடல் முன்னரே இருந்தது. யோர்தான் ஆற்றங்கரையில் யோவான் என்பார் மக்களை மனந்திரும்புமாறு அழைத்து நீரில் மூழ்குவித்தார். இயேசுவும் அவரிடம் முழுக்குப் பெற்றார் என்பது நற்செய்தி நூல்களின் கூற்று. பவுல் அடிகள் இதற்கு ஆழ்ந்த பொருள் கண்டார். நீரில் மூழ்குவது பழைய வாழ்வுக்கு மரணம். நீரினின்று எழுவது கிறிஸ்துவோடு புதுவாழ்வு பெறுதல். ஆகவே கழுவுதல் என்ற பொருளோடு, இறத்தலும் பிறத்தலும் என்ற பொருளும் அதில் சேர்ந்தது.

இச்சடங்கை நடத்தும் முறையைக் கூறும் மிகப் பழைய ஏடுகளுள் ஒன்று ‘திடாகே’ என்பது. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அது எழுந்திருக்கலாம். நெடுங்காலம் மறைந்து கிடந்த அதன் ஏட்டுப்பிரதி 1873-இல் கான்ஸ்டான்டினோபிளில் கண்டெடுக்கப்பெற்று, 1883-இல் அச்சேறியது. ஓடும் நீரில் முழுக்குக் கொடுக்க வேண்டும்; ஓடும் நீர் இல்லையேல் வேறு நீர் போதும்; தண்ணீர் இயலாவிடில் வெந்நீர் ஆகலாம்; எதுவும் மிகுதியாகக் கிடையாவிடில் தலைமீது மும்முறை ஊற்றலாம் என்று அது விதிக்கின்றது. நீரைப்பற்றி இவ்வளவு தாராளமாக இருக்கும் அந்நூல், உபவாசத்தைப்பற்றி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. முழுக்குப் பெறுபவர் ஒன்றிரண்டு நாட்களேனும் முன்னதாக உபவாசம் இருத்தல் வேண்டும். கொடுப்பவரும் உபவாசம் இருத்தல் வேண்டும். நீர் எளிது, ஆயத்தமே அரிது என்ற கருத்து அன்றே வேரூன்றிவிட்டது எனலாம்.

அந்த ஆயத்தம் எவ்வளவு அரிதாயிற்று என்பதை, ரோமாபுரியின் ஹிப்போலிட்டஸ் இயற்றியதாக மரபில் கூறப்படும் ‘அப்போஸ்தல பாரம்பரியம்’ என்னும் நூலில் காண்கிறோம். நூலாசிரியர் யார் என்பதில் இன்று அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. உபதேசம் கேட்போர் மூன்று ஆண்டு கேட்கவேண்டும் என்கிறது அந்நூல். ஆனால் ஊக்கமுள்ளவரிடத்தில் காலத்தை எண்ணாமல் நடத்தையையே நோக்கவேண்டும் என்றும் சேர்த்துக் கூறுகின்றது. அதற்கும் முன்னதாக ஒரு கேள்வி எழுந்தது: நீர் செய்யும் தொழில் யாது? விக்கிரகம் செய்பவர் அதை விடவேண்டும். மக்கள் களிக்க ஒருவரையொருவர் வெட்டி மாயும் மல்லர் அதை விடவேண்டும். சிறுவர்க்குப் பாடம் சொல்லும் ஆசிரியரும், புறச்சமயக் கதைகளைப் போதிக்க நேர்வதால், அதை விடுவது நன்று. எனினும் அவருக்கு வேறு தொழில் தெரியாதாயின் தொடரலாம்! கடுமையான அந்தப் பட்டியலின் நடுவே வயிற்றுப்பாட்டை நினைந்து இரங்கிய இந்த ஒரு வரி நம் கருத்தைக் கவர்கின்றது. சமயம் மாறுதல் என்பது அந்நாளில் சோற்றுக்கு வழி மாறுதலாகவும் இருந்தது.

அக்காலத்துக் கிறிஸ்தவர் வழிபட்ட இடம் எத்தகையது என்பதற்கும் சான்று உண்டு. சிரியாவில் யூப்ரட்டீஸ் நதிக்கரையிலிருந்த துரா யூரோப்போஸ் என்னும் ஊர், ஏறத்தாழ 256-இல் பாரசீகப் படையால் அழிந்தது. அங்கே 1930-களின் தொடக்கத்தில் நடந்த அகழ்வாராய்ச்சியில், வழிபாட்டுக்கென மாற்றி அமைக்கப்பெற்ற ஒரு சாதாரண வீடும், அதனுள் திருமுழுக்குத் தொட்டியுடன் கூடிய சிறிய அறையும் வெளிப்பட்டன. தொட்டிக்குமேல் ஆட்டைத் தோளில் சுமக்கும் நல்ல மேய்ப்பனின் ஓவியம் தீட்டப்பட்டிருந்தது.

நான்காம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை ஆதரித்தார். மக்கள் திரளாக வந்தனர். ஆனால் அவர்களுள் பலர் முழுக்கைத் தள்ளிப்போட்டனர். பாவங்கள் யாவும் ஒரே முறை கழுவப்படுமாயின், அதை வாழ்வின் கடைசியில் பெறுவதே தக்கது என்று எண்ணினர். சக்கரவர்த்தியே 337-இல், மரணப் படுக்கையில்தான் அதைப் பெற்றார். இந்நிலையில் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம், அவ்வாண்டு முழுக்குப் பெற இருப்போரை ஆயத்தம் செய்யும் காலமாக உருப்பெற்றது.

அந்த நாற்பது நாட்களை நம் கண்முன் நிறுத்துபவர் ஒரு பெண்மணி. எகேரியா என்னும் அவ்வம்மையார் 381-384 ஆண்டுகளை ஒட்டி, மேற்கு ஐரோப்பாவிலிருந்து எருசலேமுக்கு யாத்திரை வந்து, கண்டதைத் தம் ஊர்ச் சகோதரிகளுக்குக் கடிதமாக எழுதினார். அவருடைய எழுத்தில் ஒரு பகுதியே 1884-இல் இத்தாலியிலுள்ள அரெஸ்ஸோவில் கண்டெடுக்கப்பெற்றது. முழுக்குப் பெற விரும்புவோரின் பெயர்களைக் குருமார் முன்னதாகக் குறித்துக்கொள்வர். பின்னர் பெரிய ஆலயத்தின் நடுவே அத்தியட்சர் அமர்ந்திருக்க, ஒவ்வொருவராக அழைத்து வரப்படுவர். ஆடவர் தம் ஞானத் தந்தையோடும் பெண்டிர் தம் ஞானத் தாயோடும் வருவர். அத்தியட்சர் அவர்களை வினவுவதில்லை. அயல் வீட்டாரையே வினவுவார். இவர் நல்லொழுக்கம் உடையவரா? பெற்றோருக்கு அடங்கியவரா? குடிப்பழக்கம் உள்ளவரா? பொய் பேசுபவரா? குற்றமற்றவர் என்று தெரிந்தால் அத்தியட்சர் தம் கையாலேயே பெயரை எழுதுவார். குற்றம் உண்டெனில், வெளியே சென்று திருந்தி, பின்பு வருமாறு சொல்லுவார்.

இவ்விடத்தில் எகேரியா அம்மையார் எழுதிய ஒரு செய்தி, பிறமாநிலங்களில் வாழும் நம்மைச் சற்று நிறுத்திச் சிந்திக்கச் செய்கின்றது. வந்தவர் வெளியூரார் ஆயின், அவரை அறிந்தவர் சாட்சி சொன்னாலன்றி, முழுக்குப் பெறுதல் அவருக்கு அத்துணை எளிதன்று என்கிறார். புதிய ஊரில் வீடு வாடகைக்குக் கேட்கும்போதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் ‘உங்களைத் தெரிந்தவர் யார்?’ என்ற கேள்வியை எதிர்கொண்டவர்களுக்கு அந்த வெளியூராரின் மனநிலை விளங்கும். ஒழுக்கத்துக்கு அயலாரே சாட்சி என்ற விதி நேர்மையானதுதான். ஆனால் அயலார் இல்லாதவர்க்கு அதுவே அடைத்த கதவும் ஆயிற்று.

எனினும் அதே எருசலேம் மற்றொரு கதவைத் திறந்து வைத்தது. அவ்வூரில் சிலர் கிரேக்கம் மட்டும் அறிவர். சிலர் சுரியானி மட்டும் அறிவர். சிலர் இரண்டும் அறிவர். அத்தியட்சர் சுரியானி அறிந்தவராயினும் கிரேக்கத்திலேயே பேசுவார். ஆகையால் அருகில் ஒரு குரு நின்று, அவர் சொல்லுவதை எல்லோரும் விளங்கிக்கொள்ளுமாறு சுரியானியில் மொழிபெயர்ப்பார். கிரேக்கமும் சுரியானியும் அறியாத லத்தீன் மக்களும் வருந்தவேண்டியதில்லை. இரு மொழியும் கற்ற சகோதர சகோதரிகள் அவர்களுக்கு லத்தீனில் விளக்குவர். அந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. ஆனால் விளங்காத சொல்லைக் கேட்டு ஒருவர் புதுவாழ்வில் புகமுடியாது என்பதை அன்றே அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நாள்தோறும் காலையில் மூன்று மணி நேரம் உபதேசம் நடைபெறும். வேத நூல்கள் முதலில் சொற்பொருளாகவும், பின்னர் ஆன்மிகப் பொருளாகவும் விளக்கப்படும். ஐந்து வாரம் கழிந்தபின் விசுவாசப் பிரமாணம் கற்பிக்கப்படும். இறுதியில் ஒவ்வொருவரும் அதை அத்தியட்சர்முன் ஒப்புவிப்பர். அந்நகரில் சிரில் என்னும் அத்தியட்சர் ஏறத்தாழ 350-இல் நிகழ்த்திய இத்தகைய உபதேசங்கள் இன்றும் கிடைக்கின்றன.

இதே முறையில் ஆயத்தம் பெற்றவர்களுள் புகழ்மிக்கவர் அகஸ்டின். ஆப்பிரிக்காவில் பிறந்து, வேலைநிமித்தம் மிலான் நகரில் குடியேறிய ஆசிரியர் அவர். சிறுவயதில் நோயுற்றபோது முழுக்குக்கு ஏற்பாடாகி, நோய் தணிந்ததும் அது தள்ளிவைக்கப்பட்டது. 387-ஆம் ஆண்டு ஈஸ்டர் இரவில், தம் மகன் அடியோடாட்டஸுடனும் நண்பர் அலிப்பியஸுடனும் அம்புரோஸ் அத்தியட்சரிடம் முழுக்குப் பெற்றார். அந்த எண்கோணத் தொட்டியின் எச்சங்களை மிலான் பேராலயத்தின் அடியில் இன்றும் காணலாம்.

பின்னர்க் குழந்தைகளுக்கு முழுக்குக் கொடுப்பதே பெருவழக்காயிற்று. நெடிய ஆயத்தம் மங்கியது. பதினாறாம் நூற்றாண்டில் சூரிக் நகரில் சிலர், தாமே உணர்ந்து கேட்பவர்க்கே முழுக்கு உரியது என்று வாதிட்டு, 1525-இல் ஒருவருக்கொருவர் அதைக் கொடுத்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் 1527-இல் அந்நகரத்து ஆற்றிலேயே மூழ்கடிக்கப்பட்டு மாண்டார். வாழ்வைக் குறித்த நீர் அவருக்குத் தண்டனையாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையிலுள்ள ஸ்ரீராம்பூர் அன்று டேனியர் வசம் இருந்தது. அங்கே கிருஷ்ண பால் என்னும் தச்சர், பெயர்ந்த கையைச் சீராக்கிய ஜான் தாமஸ் என்னும் வைத்தியரிடம் உபதேசமும் கேட்டார். 1800 டிசம்பர் 22-இல் அவர் பாதிரிமாரோடு அமர்ந்து உணவருந்தினார்; 28-இல் வில்லியம் கேரி அவருக்கு நதியில் முழுக்குக் கொடுத்தார். ஆயத்தம் சில வாரங்களே எனினும் சோதனை சிறிதன்று. ரோமாபுரியில் தொழிலையும், எருசலேமில் அயலார் சாட்சியையும் நோக்கினர். வங்கத்தில் அந்த ஒரு வேளை உணவே சோதனையாயிற்று. அதனோடு அவர் தம் சாதியை இழந்தார்.

அதே வங்கத்தில் 1830-களில் ‘பாப்டிஸோ’ என்ற சொல்லை அமிழ்த்துதல் என்றே வங்காளியில் பெயர்ப்பதா என்று பெரும் வழக்கு எழுந்தது. அவ்வாறு பெயர்த்த நூலுக்குப் பொருளுதவி செய்ய லண்டனிலிருந்த வேதாகமச் சங்கம் மறுத்துவிட்டது. ஒரே வினைச்சொல் சபைகளைப் பிரிக்கவல்லதாயிற்று. தமிழில் ‘ஞானஸ்நானம்’ அறிவின் பக்கமும், ‘திருமுழுக்கு’ நீரின் பக்கமும் சாய்ந்து நிற்கின்றன. இரண்டும் வழக்கில் உள்ளன.

அண்மைக் காலத்தில் பழைய ஆயத்தம் புத்துயிர் பெற்றது. கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் அதை மீட்கத் தீர்மானித்து, 1972-இல் வயதுவந்தோர்க்கான முறையை வெளியிட்டது. 1970-இல் நாகபுரியில் உருவான வடஇந்தியத் திருச்சபையோ, குழந்தை முழுக்கையும் உணர்ந்து பெறும் முழுக்கையும் ஒருங்கே ஏற்றது. சூரிக்கில் உயிரைக் குடித்த வேற்றுமை, நாகபுரியில் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தது.

நீரில் மூழ்கி எழுவதற்குச் சில கணங்கள் போதும். அதற்கு முன் எதை விடவேண்டும், யார் சாட்சி சொல்லவேண்டும், எம்மொழியில் கேட்கவேண்டும் என்பவற்றைத் தீர்க்கவே நாற்பது நாட்களும் மூன்று ஆண்டுகளும் தேவைப்பட்டன. அவற்றுள் கடைசிக் கேள்விக்கு எருசலேம் கண்ட விடையையே நாம் சிறந்ததாகக் கருதுகிறோம்: வந்தவனை அவன் மொழியில் வரவேற்க ஒருவர் அருகில் நிற்கவேண்டும்.