பொக்ரானில் வெடித்தது, நிலோரில் கேட்டது

மாற்றலில் ராஜஸ்தான் பக்கம் வந்து சேர்ந்த நம்மூர்க்காரர்கள் ஒருமுறையாவது பொக்ரான் வழியாக ஜெய்சல்மேர் போயிருப்பீர்கள். பார்க்க ஒன்றும் இருக்காது. மணல், முள்செடி, டீக்கடை, அவ்வளவுதான். ஆனால் 1998 மே 11 மதியம் 3.45-க்கு அந்த மணலுக்கடியில் நடந்ததை உலகின் பல மூலைகளில் இருந்த கருவிகள் பதிவு செய்துவிட்டன.

அங்கே நடந்தது நிலநடுக்கமா, குண்டா? கருவிக்கு எப்படித் தெரியும்? (நான் பி.காம். பேர்வழி. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.)

நிலநடுக்கம் என்பது இரண்டு பாறைப் பாளங்கள் உரசி நழுவுவது. ஒரு பக்கம் தள்ளும், இன்னொரு பக்கம் இழுக்கும். அதனால் முதல் அசைவு சில ஊர்களில் மேலாகவும் சில ஊர்களில் கீழாகவும் பதிவாகும். குண்டோ எல்லாத் திசையிலும் வெளியே தள்ளும். எங்கே பார்த்தாலும் முதல் அசைவு மேல்நோக்கித்தான். தவிர, முந்தி ஓடிவரும் பி அலை அழுத்தி விரிவது, பிந்தி வரும் எஸ் அலை குறுக்கே ஆடுவது. நழுவலில் எஸ் அலை பலமாகக் கிளம்பும். குண்டில் பி அலைதான் ஓங்கி நிற்கும். ஆழம் ஐம்பது கிலோமீட்டர் என்று தெரிந்தால் ஃபைலை அப்படியே மூடிவிடலாம். அவ்வளவு ஆழத்தில் யாரால் குழி தோண்ட முடியும்?

நம்மிடமும் இதற்கென்று ஓர் இடம் உண்டு. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில், 1960-களில் பிரிட்டிஷ் ஒத்துழைப்போடு அமைத்த கருவி வரிசை. பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்துவது. அடுத்தவர் வெடிப்பதை ஒட்டுக்கேட்க வைத்தது!

நம்முடையதைப் பக்கத்தில் இருந்து கேட்டது பாகிஸ்தானின் நிலோர் நிலையம், சுமார் 740 கி.மீ. தூரம். அதே நிலையத்தில் பதிவான நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அதில் சண்டையே இல்லை.

சண்டை தொகையில்தான். ஹைட்ரஜன் குண்டையும் சேர்த்து அறுபது கிலோடன்னுக்கு அருகில் என்றது நம் தரப்பு. அலையின் அளவு 5.2 சொச்சம். அதை வைத்து வெளிநாட்டு நிபுணர்கள் பத்திலிருந்து இருபதுக்குள் என்றார்கள். பழைய கெட்டிப் பாறையில் பத்து கிலோடன் கொடுக்கும் அதே 5.2-ஐ, அமெரிக்காவின் நெவாடா மண்ணில் எடுக்க மூன்று நான்கு மடங்கு வெடி வேண்டும். பொக்ரான் பாறைக்கு எந்த ரேட்? ஒரே நேரத்தில் மூன்று குண்டு வெடித்ததால் அலைகள் ஒன்றையொன்று குறைத்துக்கொண்டன என்றும் நம்மவர்கள் விளக்கினார்கள்.

2009-ல் அந்தச் சோதனையில் டி.ஆர்.டி.ஓ. தரப்பில் முக்கியப் பொறுப்பில் இருந்த கே.சந்தானமே, ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்தபடி வெடிக்கவில்லை என்றார். சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த ஆர்.சிதம்பரம் அதை மறுத்தார். 2025 ஜனவரியில் காலமாகும்வரை அவர் தன் கணக்கிலிருந்து மாறவில்லை. வவுச்சர் முழுக்க வெளியே வராத கணக்கில் நான் கையெழுத்துப் போடமாட்டேன், இரண்டு பக்கத்துக்கும்.

மே 13 இன்னும் வேடிக்கை. அன்றும் இரண்டு சின்ன குண்டுகள் வெடித்ததாக அறிவித்தோம். நிலோரில் சத்தமே இல்லை. மணல்மேட்டுக்குள் வெடித்ததால் அலை அமுங்கிவிட்டது என்றார்கள் நம்மவர்கள்.