வாக்கும் வேதமும்

ஒரு மதத்தின் வேதம் மெய்தானா என்று பண்டிதர்கள் தர்க்கம் செய்து பார்ப்பார்கள். பாமரர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. அந்த வேதத்தைக் கையில் வைத்திருப்பவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானா என்று மட்டும் பார்ப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சாவூர்ச் சீமையின் குடியானவர்கள் ஒரு ஜெர்மானியப் பாதிரியாரை இப்படித்தான் எடை போட்டார்கள்.

அவர் பெயர் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். 1726-ல் பிரஷ்ய ராஜ்யத்தில் சோனன்பர்க் என்ற ஊரில் பிறந்தவர். ஹாலே நகரில் படிக்கும்போதே தமிழ் கற்கத் தொடங்கி, 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பிறகு தாய்நாடு திரும்பவே இல்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஜனங்கள் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்று அழைத்தார்கள்.

ஆணையிட வேண்டிய அவசியமே இல்லாதபடி உண்மை பேச வேண்டும் என்பது ஏசுநாதரின் மலைப்பிரசங்கத்தில் வரும் ஓர் உபதேசம். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடன்படிக்கைகளை எழுதுவதும் மீறுவதும் ராஜதந்திரமாக இருந்த காலத்தில் அது லேசான காரியமா?

1779-ல் சென்னைக் கும்பினி சர்க்காருக்கு மைசூர் ஹைதர் அலியின் மனத்தை அறிய வேண்டியிருந்தது. பத்து வருஷத்துக்கு முன் ஹைதருடன் செய்துகொண்ட உடன்படிக்கையைக் கும்பினியார் காப்பாற்றவில்லை. மராட்டியர் படையெடுத்தபோது உதவிக்கு வரவில்லை. அவர்களுடைய தூதரை அவர் எப்படி நம்புவார்? ஆகவே சுவார்ட்ஸ் ஐயரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். ஹைதர் அவரை மரியாதையுடன் வரவேற்றார். கும்பினியின் வாக்குத் தவறுகளையும் எடுத்துச் சொன்னார். வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அந்தப் பணத்தைச் சென்னை சர்க்காரிடம் ஒப்படைத்தார். அவரே வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னதும், தஞ்சாவூரில் அநாதைக் குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்கு அதை முதலாக வைத்தார்.

சமாதானம் என்ன ஆயிற்று? மறு வருஷமே ஹைதரின் சைனியம் கர்நாடகத்தில் புகுந்தது. நேர்மையான மனிதரைத் தூது அனுப்பிவிட்டால், அனுப்பியவர்களுக்கும் நேர்மை வந்துவிடுமா? ஆயினும் அந்தப் போரின் நடுவிலும், இந்தப் பாதிரியாரை மட்டும் தடுக்கக் கூடாது என்று ஹைதர் தம் படைத் தலைவர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார்.

போரோடு பஞ்சமும் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினி. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. சுமந்து வர மாடுகள்தாம் கிடைக்கவில்லை. முன்பு வேலை செய்தவர்களுக்குக் கூலி ஒழுங்காகக் கொடுக்கப்படவில்லை. அதனால் ராஜா கேட்டும் ஒருவரும் அசையவில்லை. கடைசியில், கூலிக்குத் தாமே பொறுப்பு என்று ஐயர் சொல்லியனுப்பினார். ஓரிரண்டு நாளில் ஆயிரம் மாடுகள் வந்துவிட்டன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. கூலியும் பாக்கியில்லாமல் பைசல் ஆயிற்று.

இன்னொரு சமயம், அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் ஊரை விட்டு ஓடிப்போனார்கள். ராஜாவின் வாக்குறுதி அவர்களைத் திருப்பவில்லை. ஐயருடைய வாக்கை நம்பி ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள்.

1787-ல் காலமான துளஜா மகாராஜா, தாம் சுவீகாரம் எடுத்த சரபோஜியை ஐயரின் பாதுகாப்பில் விட்டுப் போனார். ஐயரின் அரவணைப்பில் வளர்ந்த சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. கடைசி வரை இந்துவாகவே இருந்தார். ஆனால் 1798-ல் ஐயர் இறந்த பின், லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு அவருக்குச் சலவைக்கல்லில் நினைவுச்சின்னம் செய்வித்தார். தஞ்சைக் கோட்டையிலுள்ள தேவாலயத்தில் அதைக் காணலாம். ஐயர் மரணப் படுக்கையில் கிடக்கிறார். சரபோஜி அவர் கையைப் பற்றியிருக்கிறார்.

அன்று மாடு ஓட்டி வந்தவர்களில் எத்தனை பேர் பைபிளைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? அதில் எழுதியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. பேசிய கூலி கைக்கு வந்தது தெரியும்.