"எல்லாம் சரியாயிடும்"னு சொல்லாதீங்க! மனச்சோர்வில் இருப்பவருக்குத் துணையாக இருப்பது எப்படி?

தினமும் சாயங்காலம் திருவான்மியூர் பீச்சுக்கு வாக்கிங் போகிற உங்கள் அண்ணன், ஒரு மாதமாக வாசலைத் தாண்டவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. பிடித்த மீன்குழம்பு வைத்தாலும் ரெண்டு வாயோடு எழுந்துவிடுகிறார். "எல்லாம் சோம்பேறித்தனம்" என்கிறார் அப்பா. "கண் பட்டிருக்கு" என்கிறார் பாட்டி.

இந்த மாற்றம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது 'டிப்ரஷன்' எனப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். உறுதி செய்ய வேண்டியவர் டாக்டர். ஆனால், முதலில் கவனிக்க முடிகிறவர் கூட இருக்கும் நீங்கள்தான். 2014-ல் நடிகை தீபிகா படுகோன் மனச்சோர்வில் இருந்தபோது, ஏதோ சரியில்லை என்று கண்டுகொண்டது அவருடைய அம்மாதான்.

காது கொடுங்க

மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தில், தன்னார்வலர்கள் செய்யும் முக்கியமான வேலை, குறை சொல்லாமல் கேட்பது. வீட்டில் நாம் செய்யத் தவறுவதும் அதுதான். "உனக்கு என்ன குறைச்சல்?" என்ற கேள்வி குற்ற உணர்ச்சியைத்தான் கூட்டும். "அண்ணா, பேசணும்னு தோணுறப்போ பேசு. நான் இருக்கேன்" என்பது போதும். அவர் சொன்னதை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீங்க.

சின்னச் சின்னதா உதவுங்க

"ஏதாவது வேணும்னா கேளு" என்றால் கேட்க மாட்டார். கேட்கவே தெம்பு இருக்காது. கரன்ட் பில்லை நீங்களே கட்டிவிடுங்க. "தெருமுனை வரைக்கும் வா" எனக் கூப்பிடுங்க. வரலைன்னா கோபப்படாமல், நாளைக்கு மறுபடி கூப்பிடுங்க.

டாக்டரிடம் கூட்டிப் போங்க

மருந்தீஸ்வரர் கோயிலில் அர்ச்சனை செய்வதில் தப்பில்லை. அதோடு மனநல மருத்துவரையும் பாருங்க. அப்பாயின்ட்மென்ட்டை நீங்களே வாங்கி, கூடவே போங்க. கையில் காசு இல்லையா? கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. மாத்திரையின் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். "பரவாயில்லை" என்று தோன்றியதும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம்.

நேரடியாகக் கேளுங்க

"செத்துப்போயிடலாம்னு தோணுதா?" எனக் கேட்டால், இல்லாத எண்ணம் வந்துவிடாது. மனதில் இருப்பதை இறக்கி வைக்க அது ஒரு வாய்ப்பு. "ஆமா" என்றால் திட்டாதீங்க, அழுது சத்தியம் வாங்காதீங்க. தனியாக விடாமல், மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்க. உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்க. மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். சினேகா: 044-24640050. துணையாக இருக்கும் நீங்களும் இந்த எண்களில் பேசலாம்.

உங்களையும் பார்த்துக்கோங்க

குணமாக மாதக்கணக்கில் ஆகலாம். அத்தனை நாளும் ஒரே ஆள் தாங்க முடியாது. அக்கா, சித்தப்பா, அவருடைய நெருங்கிய நண்பர் என முறை போட்டுக்கொள்ளுங்க. நடுவில் நீங்கள் ஒரு சினிமாவுக்குப் போய் வந்தால், அது சுயநலம் இல்லை. நாளைக்கும் பொறுமையாக அவர் பக்கத்தில் உட்கார, அந்த இடைவெளி உங்களுக்குத் தேவை.